நுவரெலியாக் குளிருக்குத் தரைக்குள் சூடு: லயம், பழைய பங்களா, புது வீடு மூன்றுக்கும் சரிவருமா?

நானுஓயா மூத்தவன்
எல்லாருக்கும் வணக்கம். தம்பி கொரியாவில் வேலை செய்றான். வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே வெறுங்காலோட நடக்கிறானாம், தரையிலேயே பாய் போட்டுப் படுக்கிறானாம். நம்ம வீட்டுக்கும் அப்படிச் செய்வோம், காசு நான் அனுப்புறேன் என்று ஒரே பிடிவாதம்.

எங்களுக்கு மூன்று இடம். அம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம், தகரக் கூரை, சீமெந்துத் தரை. அம்மாவுக்கு முழங்கால் வலி, காலையில் தரையில் கால் வைக்கவே பயப்படுறாங்க. மாமா டவுன் பக்கம் பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துறார், பலகைத் தரை. தங்கச்சிக்கு 7 பேர்ச் காணியில் வீடு கட்டுறோம், அத்திவாரம் முடிந்தது, தரை இன்னும் போடவில்லை.

மூன்றுக்கும் ஒரே மாதிரி செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஹட்டன் வயரிங்
அண்ணே, கரண்ட் கணக்கை முதலில் பாருங்க, மற்றதெல்லாம் பிறகு. கரண்டில் ஓடும் பாய் மாதிரி ஒரு சாமான் இருக்கு, வலையில் கம்பி கோர்த்து வரும், டைல்ஸுக்குக் கீழே விரிக்கிறது. சதுர மீட்டருக்கு 150 வாட் அளவு எடுக்கும். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால் 11 சதுர மீட்டர். அலமாரி, கட்டில் மூலை எல்லாம் விட்டு 9 சதுர மீட்டருக்குப் போட்டால் 1,350 வாட். ராத்திரி 8 மணித்தியாலம் நிற்காமல் ஓடினால் 10.8 யூனிட், மாதம் 324 யூனிட். நம்ம பில்லில் 180 யூனிட் தாண்டினால் விலை கூடின கடைசிப் படி. அம்மா வீட்டில் இப்போ மாதம் எத்தனை யூனிட் ஓடுது?

தங்கச்சி வீடு 550 சதுர அடியா? அதில் 40 சதுர மீட்டருக்குப் பாய் விரித்தால் 6 கிலோவாட், 26 அம்பியர். வீட்டுக்கு வந்திருக்கிறது 30 அம்பியர் லைன் என்றால் கேத்தல் போட்டதும் விழும்.

நானுஓயா மூத்தவன்
அம்மா வீட்டில் 50, 55 யூனிட்தான் வரும். 324ஆ? தம்பி இதைக் கேட்டால் மயங்கி விழுவான்.

கொரியா போய் வந்தவன்
தம்பி சொல்வது பொய்யில்லை, நானும் அந்தச் சுகத்தை அனுபவித்தவன். ஆனால் அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கு. அங்கே ஃபிளாட் வீடுகளில் தரைக்குள் ஓடுவது கரண்ட் இல்லை, கேஸ் பொயிலரில் சூடாகும் தண்ணீர். சுவருக்குள் சூட்டை வெளியே விடாத இன்சுலேஷன் கனமாக, யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவைச் சாத்தினால் காற்று ஊசி முனை அளவும் நுழையாது. வெளியே மைனஸ் பத்து இருந்தாலும் உள்ளே போட்ட சூடு உள்ளேயே நிற்கும். நம்ம லயத்தில் வெளியே 8 பாகை என்றால் உள்ளே 9. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற அளவு இடைவெளி. அங்கே தரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம், கூரையைப் பார்க்கவில்லை.

பண்டாரவளை சிவில்
மேலே சொன்னவர் விஷயத்தைத் தொட்டுவிட்டார். அதை எண்ணில் சொல்கிறேன்.

சிலிங் இல்லாத ஒற்றைத் தகரம், ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளே வெளியே ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சுமார் 7 வாட் விடும். உள்ளே 18, வெளியே 8 என்று வையுங்கள். 11 சதுர மீட்டர் கூரை வழியாக மட்டும் 770 வாட் போகிறது. ஹட்டன் அண்ணன் சொன்ன 1,350 வாட்டில் பாதிக்கு மேல் நேராக மேகத்துக்குத்தான். இடுக்கு வழியாக வரும் காற்று, சுவர், கதவு எல்லாம் இதற்கு மேல். அதே கூரைக்குக் கீழே சிலிங் அடித்து மேலே 2 அங்குலம் கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) விரித்தால் 770 என்பது சுமார் 70 ஆகும். தரையைத் தொடாமலேயே.

அதனால் "வீட்டுக்கு என்ன வயது" என்று கேட்பதன் உண்மையான அர்த்தம், கூரை மூடியிருக்கா, தரை எதன் மேல் உட்கார்ந்திருக்கு, சுவரில் ஈரம் ஏறுதா என்பதுதான். மூன்று வீட்டுக்கும் மூன்று பதில். லயத்துக்கு வேண்டாம். பங்களாவுக்குக் குளியலறையில் மட்டும். புது வீட்டுக்கு இப்போதே முடிவு எடுத்தால் செய்யலாம்.

லயத்துப் பிள்ளை
"லயத்துக்கு வேண்டாம்" என்று இலேசாகச் சொல்லிட்டீங்க. எங்க வீட்டில் ஜனவரி மாதம் விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரியுமா? புல்லு மேல வெள்ளையா உறைபனி, கொழுந்து கருகிப் போயிருக்கும். உள்ளே பச்சைப் பிள்ளையை வச்சிக்கிட்டு அடுப்புப் பக்கம் ராத்திரி முழுக்க உட்கார்ந்த வீடுகள் இருக்கு. வசதி இருக்கிறவன் பங்களாவில் பாத்ரூம் தரையைச் சூடாக்கட்டும், லயத்துக்காரன் சாக்கு விரிச்சுப் படுக்கட்டும் என்கிற மாதிரி இருக்கு.

பண்டாரவளை சிவில்
இல்லை அக்கா, அப்படி எடுக்காதீங்க. காசு இருந்தாலும் லயத்தில் அதே காசை மேலே போடுங்கள் என்கிறேன். குளிர் குறைய வேண்டும் என்பதில் உங்களோடுதான் நிற்கிறேன். இன்னொன்று, லயம் தோட்டத்துக்குச் சொந்தமான கட்டிடம். தரையை உடைத்து வேலை செய்யவே ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், ஒரே கூரை. நீங்கள் சூடாக்குவதில் ஒரு பங்கு அடுத்த காம்பராவுக்கும் போகும்.

லயத்துப் பிள்ளை
சரி, போகட்டும். பக்கத்து வீட்டு ஆச்சியும் குளிரிலதான் கிடக்கு.

அப்போ ஒரு யோசனை கேட்கிறேன். கரண்டே வேண்டாம். அடுப்பு எப்படியும் எரியுது, புகை சும்மாதானே போகுது. அந்தப் புகையைத் தரைக்குக் கீழே ஒரு காண் மாதிரி வெட்டி ஓட விட்டு, அடுத்த பக்கம் புகைக்கூண்டு வைத்து வெளியே விட்டால்? கொரியாவில் பழைய காலத்தில் அப்படித்தான் செய்தாங்களாமே.

கொரியா போய் வந்தவன்
உண்மைதான் அக்கா, அதற்கு ஒண்டோல் என்று பேர். சமையல் அடுப்பின் புகையும் சூடும் தரைக் கல்லுக்குக் கீழே ஓடி மறுபக்கம் புகைக்கூண்டில் ஏறும். ஆனால் அதற்காகவே கட்டின வீடு அது. அடுப்பு தரையை விடத் தாழ்வில் இருக்கும், கல் மேல் மண் பூசி, அதற்கு மேல் எண்ணெய்க் காகிதம் ஒட்டிப் புகை கசியாமல் செய்வார்கள். அப்படியும் பிற்காலத்தில் விறகுக்குப் பதில் கரிக்கட்டி எரிக்கத் தொடங்கியபோது, தரை வெடிப்பு வழியே கார்பன் மொனொக்சைட் கசிந்து தூக்கத்திலேயே செத்தவர்கள் ஏராளம். அதனால்தான் தண்ணீர்க் குழாய்க்கு மாறினார்கள்.

ஹட்டன் வயரிங்
இதைக் கெட்டியாகப் பிடிச்சுக்கோங்க. நம்ம சீமெந்துத் தரையில் வெடிப்பு இல்லாத வீடு எது? கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சட்டியில் கரி போட்டு, கதவைச் சாத்தி, அறைக்குள் வைத்துப் படுக்கிறதும் அதே ஆபத்துதான். புகையைத் தரைக்குள் விடுகிற யோசனையை இந்த இழையோடு விட்டிடுங்க அக்கா.

பங்களா வேலைக்காரன்
பழைய பங்களாக்களில் மர வேலை பார்க்கிறேன். மாமாவின் கெஸ்ட் ஹவுஸ் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் கூடுதல் சிக்கல்.

வெள்ளைக்காரன் கட்டினது இரண்டு வகை. ஒன்று, கருங்கல் சுவர் எழுப்பி, நடுவில் உத்திரம் வைத்து, மேலே பலகை அடித்தது. பலகைக்குக் கீழே ஒன்றரை, இரண்டு அடி வெற்றிடம். வெளிச்சுவரில் தரை மட்டத்துக்குக் கீழே இரும்பு வலை போட்ட ஓட்டைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டை வழியே காற்றுப் போய் வருவதால்தான் இத்தனை வருசம் மரம் உளுக்காமல் நிற்குது. குளிர்க் காற்று வருதென்று அதை அடைக்கிற ஆட்கள் இருக்காங்க. கொஞ்ச வருசத்தில் உத்திரம் கை வைத்தால் மாவாகக் கொட்டும். இன்னொன்று, சிவப்புச் சீமெந்து மெழுகித் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற தரை. அதை உடைத்தால் அதே மாதிரி திரும்பப் போட இப்போ மேசன் பாஸ்மார் கிடைப்பது குதிரைக் கொம்பு.

டவுனில் ஒரு இடத்தில் நடந்தது. பலகைக்கு மேலேயே பொலித்தீன் விரித்து, இரண்டு அங்குலம் கொங்கிரீட் கொட்டி, உள்ளே கம்பி விட்டார்கள். உத்திரம் அந்தப் பாரத்துக்குப் போட்டதே இல்லை. நடுவில் இறங்கிவிட்டது. கதவெல்லாம் கீழே அறுத்தும் சாத்த முடியவில்லை. கொங்கிரீட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்ட பலகை வேர்த்து உளுத்துப் போச்சு. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள்.

மாமா கெஸ்ட் ஹவுஸ்
மருமகன் சொல்லி இங்கே வந்தேன். பலகைத் தரைக்கு வழியே இல்லையா? விருந்தாளிகள் வந்ததும் முதல் கேள்வி "ஹீட்டர் இருக்கா" என்பதுதான்.

பங்களா வேலைக்காரன்
வழி இருக்கு ஐயா, மேலிருந்து இல்லை, கீழிருந்து. ஆள் ஊர்ந்து போகிற இடம் இருந்தால் உத்திரங்களுக்கு நடுவில், பலகையின் அடிப்பக்கத்தோடு ஒட்டி அலுமினியத் தகடு அடித்து, அதன் பள்ளத்தில் சுடுதண்ணீர்க் குழாய் விடலாம். அதற்குக் கீழே இன்சுலேஷன், அது விழாமல் வலை. காற்று ஓட்டையை அடைக்கவே கூடாது. ஆனால் பலகை சூட்டை மெதுவாகத்தான் விடும், மேற்பரப்பு 27 பாகைக்கு மேலே போனால் மரம் காய்ந்து இடைவெளி விடும். கிடைக்கிற சூடு அளவானது. உயரமான சிலிங் உள்ள ஹாலை அது மட்டும் சூடாக்கும் என்று நம்பாதீங்க.

அதைவிட முதலில் நெருப்புக்கூண்டைப் பாருங்கள். எரிக்காத நாளிலும் அது திறந்தே கிடந்தால் அறையின் சூடான காற்றையெல்லாம் உறிஞ்சி மேலே அனுப்பும். மூடித் தகடு இருந்தால் சாத்துங்கள், எரிக்கும்போது திறக்க மறக்காதீங்க.

ஹட்டன் வயரிங்
மாமா, உங்களுக்கு நல்ல வியாபாரம் குளியலறைதான். அங்கே எப்படியும் சீமெந்துத் தரை, டைல்ஸ் மாற்றுகிற வேலை வரும். கொமட், பேசின் இடம் போக இரண்டரை சதுர மீட்டர் என்றால் 375 வாட். காலையில் 2 மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிட். டைமர் வைத்திடுங்க. விருந்தாளி படுக்கையில் இருந்து எழும்பி அந்தத் தரையில் கால் வைத்தார் என்றால் அடுத்த முறையும் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

ஆனால் வேலை செய்கிற முறை முக்கியம். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஈர அறையில் கை வைக்காதீங்க, எர்த் இருக்கா என்று முதலில் பாருங்க. பழைய பங்களா வயரிங்கில் இரண்டு கம்பி மட்டும் வருகிற இடங்களை இன்னும் பார்க்கிறேன். பாயை விரிக்கும்போது வலையை வெட்டித் திருப்பலாம், சூட்டுக் கம்பியை ஒரு இடத்திலும் வெட்டக் கூடாது. விரிக்க முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டின பின் என்று ஓம் மீட்டர் வைத்து அளந்து எழுதி வையுங்கள். 375 வாட் பாய் என்றால் சுமார் 141 ஓம் காட்ட வேணும். பாஸின் கரண்டி பட்டு அறுந்திருந்தால் டைல்ஸ் ஒட்ட முன்னமே தெரிந்துவிடும். தரையின் சூட்டை அளக்கிற உணரியை நேராகச் சாந்துக்குள் புதைக்காமல் ஒரு சின்னக் குழாய்க்குள் விடுங்க, பழுதானால் இழுத்து மாற்றலாம்.

டைல்ஸுக்கு வெறும் சீமெந்துக் கூழ் வேண்டாம். வளைந்து கொடுக்கிற ஒட்டுப் பசை என்று கேட்டு வாங்குங்க. சூடாகி ஆறும்போது தரை அசையும், வெறும் சீமெந்து விட்டிடும்.

கந்தப்பளை விவசாயி
உருளைக்கிழங்கு போடுகிறவனுக்கு இந்த ஊர்க் குளிர் தெரியும். இங்கே குளிர் ஒன்றில்லை, இரண்டு. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து, ராத்திரி பனி விழும், பகலில் நல்ல வெயில். ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை தென்மேல் மழை, நாள் முழுக்கப் புகார், தூறல், காற்று, துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சணம். உடம்பை வாட்டுவது இரண்டாவதுதான். நீங்கள் எந்தக் குளிருக்கு மருந்து தேடுறீங்க?

பண்டாரவளை சிவில்
இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. கனமான கொங்கிரீட்டுக்குள் குழாய் விட்ட தரை சூடாகச் சில மணித்தியாலம் எடுக்கும், ஆறவும் அவ்வளவு நேரம். ஜனவரியில் பகல் வெயிலில் கூரை சோலார் கொடுக்கிற கரண்டில் தரையைச் சூடாக்கி வைத்தால் இரவுக்கு அது போதுமானதாக வரலாம். ஜூலையில் நாள் முழுக்கக் குளிர் என்பதால் தொடர்ந்து மெதுவாக ஓடும் தரை பொருத்தம்தான், ஈரமும் குறையும். ஆனால் அப்போதுதான் சோலாருக்கு வெயில் இருக்காது, பில் முழுக்க உங்கள் தலையில். "சோலார் போட்டால் இலவசம்" என்று விற்க வருகிறவரிடம் ஜூலை மாதக் கணக்கைக் கேளுங்கள்.

இனி தங்கச்சி வீடு. அண்ணே, தரை போடவில்லை என்றீர்களே, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். கிரவல் நிரப்பி நன்றாக இடித்து இறுக்குங்கள். மலைச் சரிவில் வெட்டி நிரப்பிய மண் என்றால் இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம், நிரப்பு இறங்கினால் தரை வெடிக்கும், குழாயும் சேர்ந்து போகும். காணி சம்பந்தமான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையில் வடிகால் பற்றி என்ன எழுதியிருக்கு என்று திரும்பப் படியுங்கள்.

அதற்கு மேல் கொங்கிரீட். பிறகு கனப் பொலித்தீன். அதன் மேல் 2 அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை), பெட்டிக்குள் வருகிற மெல்லிய ரகம் இல்லை, தரைக்கென்று வருகிற அடர்த்தியானது. சுவரோரம் சுற்றிலும் 8, 10 மில்லிமீட்டர் ரெஜிபோம் பட்டி, தரை விரிய இடம் வேண்டும். ரெஜிபோம் மேல் 16 மில்லிமீட்டர் பெக்ஸ் குழாய் (சுடுதண்ணீர் தாங்குகிற, வளைகிற பிளாஸ்டிக் குழாய்), ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக. பி.வி.சி. குழாய் இதற்கு ஆகாது. 10 சதுர மீட்டர் அறைக்கு 67 மீட்டர் குழாய் போகும். ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, தரைக்குள் மூட்டு ஒன்றுகூட வரக் கூடாது. கடைசியில் 65 முதல் 75 மில்லிமீட்டர் மணல்-சீமெந்துத் தளம்.

கூட்டிப் பாருங்கள், கொங்கிரீட்டுக்கு மேலே 5 அங்குலம். கதவு நிலை வைக்கிற பாஸுக்கு இது இன்றைக்கே தெரிய வேண்டும். நிலை வைத்த பிறகு சொன்னால் வாசலில் குனிந்து போகிற வீடாகிவிடும்.

நானுஓயா மூத்தவன்
தங்கச்சி வீட்டுக் குழாய்க்குத் தண்ணீரை எதில் சூடாக்குவது? சாதாரண கீசர் போதாதா?

பண்டாரவளை சிவில்
கீசர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் என்றால் வெளிக்காற்றில் இருந்து சூட்டை இழுத்து, ஒரு யூனிட்டுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு தரும். தரைக்கு 35 முதல் 45 பாகைத் தண்ணீர் போதும் என்பதாலும், நம்ம ஊர்க் குளிர் நாள் முழுக்க மைனஸில் நிற்கிற குளிர் இல்லை என்பதாலும் அதற்கு இங்கே நல்ல வேலை. விலை கூட. வாங்க முன் பழுது பார்க்கும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள், விலையைவிட அது முக்கியம்.

காசு இப்போது இல்லையென்றால் ரெஜிபோமையும் குழாயையும் மட்டும் போட்டுத் தளத்தை மூடிவிடுங்கள், இயந்திரம் பிறகு வரலாம். குழாய் போடாவிட்டாலும் ரெஜிபோமை விட்டுவிடாதீங்க. அதுவே தரையின் சில்லிப்பில் பெரும் பகுதியை எடுத்துவிடும். சிலிங்கும் கட்டாயம்.

கந்தப்பளை விவசாயி
கரண்ட் போனால்? 2022ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே.

ஹட்டன் வயரிங்
குழாய்த் தரை கொஞ்ச நேரம் தாங்கும், டைல்ஸுக்குக் கீழே விரித்த பாய் சீக்கிரம் ஆறிடும். அதனால்தான் கம்பளியை யாரும் தூக்கிப் போட வேண்டாம்.

லயத்துப் பிள்ளை
இப்போ அம்மா விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். சிலிங், கிளாஸ் வூல் சரி. இந்த ஜனவரிக்கு என்ன?

பண்டாரவளை சிவில்
அம்மாவின் காம்பராவுக்கு மட்டும் சிலிங். கூரை ஓரத்து இடுக்கை அந்த அறையில் மட்டும் அடையுங்கள், அடுப்பு உள்ள இடத்தில் புகை போகிற வழியில் கை வைக்க வேண்டாம். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. சிலிங் சட்டத்தைச் சுவரில் இருந்தே பிடியுங்கள். தரையில் கட்டிலோரம் ரெஜிபோம் வைத்து, மேலே பிளைவுட் போட்டு ஒரு மிதிபலகை அடித்தால் காலை எழும்பும்போது கால் சீமெந்தில் படாது.

படுக்கைக்குக் கீழே விரிக்கிற மின் விரிப்பு 60 முதல் 100 வாட்தான், ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. தானாக நிற்கும் வகையாகப் பாருங்கள், மடித்து வைத்துப் போட வேண்டாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கா? இருந்து, காலில் உணர்ச்சி குறைவு என்றால், சூடு கூடியது தெரியாமல் தோல் வெந்துவிடும். அப்படியென்றால் படுக்க முன் சூடாக்கி, படுக்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

நானுஓயா மூத்தவன்
சீனி இருக்கு, நல்ல வேளை சொன்னீங்க. தம்பியோடு பேசினேன். அனுப்புகிற காசில் முதலில் அம்மா வீட்டுச் சிலிங், தோட்டத்து ஆபீசில் திங்கட்கிழமை கேட்கிறேன். தங்கச்சி வீட்டில் அம்மா வந்து தங்குகிற அறைக்கு மட்டும் குழாய், மற்ற அறைகளுக்கு ரெஜிபோம் மட்டும். மாமா அவர் பாடு.

ஒரு கேள்வி. தளம் போட்டு எத்தனை நாளில் சூடு விடலாம்? பொங்கலுக்கு வீடு புக வேண்டும் என்று தங்கச்சி நிற்கிறாள்.

பண்டாரவளை சிவில்
பொங்கலுக்குப் பால் பொங்க வையுங்கள், தரையைச் சூடாக்க வேண்டாம். சீமெந்துத் தளம் 21 நாள் தானாகக் காய வேண்டும். அதற்கு முன் சூடு விட்டால் வெடிக்கும். பிறகு 25 பாகைத் தண்ணீரில் 3 நாள், அதன் பிறகு முழுச் சூட்டில் 4 நாள், அதற்குப் பிறகுதான் டைல்ஸ். நம்ம ஊர் ஈரத்துக்கு இன்னும் ஒரு கிழமை சேர்த்தே வையுங்கள். தளம் கொட்டும்போது குழாயில் 4 முதல் 6 பார் அழுத்தத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். பாஸ் குழாயில் ஆணி அடித்தால் அழுத்த மானியில் முள் இறங்கும்.

மாமா கெஸ்ட் ஹவுஸ்
ஹட்டன் தம்பி, இரண்டு குளியலறை. சித்திரை சீசனுக்கு முன் வர முடியுமா? உள்பெட்டியில் நம்பர் போட்டிருக்கேன்.

ஹட்டன் வயரிங்
பார்த்தேன் மாமா. வர முன் போர்ட்டின் போட்டோ ஒன்று அனுப்புங்க, எர்த் கம்பி தெரிகிற மாதிரி.